ஊதத் தெரியாதவன்

ஊதுவதில் நான் தோற்றுப்போவேன் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பந்தயம் கட்டியிருப்பேன். நடக்கச் சொன்னால் முட்டி வலிக்கிறது. படிக்கச் சொன்னால் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறது. ஊதுவதற்கு என்ன வேண்டும்? பிறந்த நிமிஷத்திலிருந்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிற காற்றுதானே. இந்த நினைப்போடுதான் வாலாஜாபாத்தில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். கையில் இருந்த சீட்டில் பி.எஃப்.டி. என்று எழுதியிருந்தது. நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற சோதனை. அதில் முதலாவதும் முக்கியமானதும் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் வாய் வைத்து ஊதுவது.

வருஷா வருஷம் மார்கழியில் வந்து பொங்கலோடு போய்விடும் இருமல் இந்த முறை மாசியிலும் போகவில்லை. கேட் மூடுவதற்குள் ஓடித் தண்டவாளத்தைத் தாண்டுகிற பழக்கம் உள்ளவன் நான். கேட் திறந்திருக்கும்போதே நடுவில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்போம். நெய்து வந்த சேலையை நிறுத்து வாங்குவோம். சில கிராம் குறைந்தால் கண்ணாடிக்கு மேலாக நெசவாளியைப் பார்ப்பேன். ‘கழிவுல போச்சுங்க ஐயா’ என்பார். ‘இவ்வளவா?’ என்பேன். அந்த ‘இவ்வளவா?’ எத்தனை பேர் வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பதிலுக்கு என் மூச்சை ஒருத்தி நிறுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள் என்றும் யோசித்ததில்லை.

முதல் தடவை ஊதவே விடவில்லை. எங்கள் ஊர் டாக்டர் வீசிங்குக்குக் கொடுத்திருந்த நீல இன்ஹேலர், சால்பியூட்டமால், சட்டைப் பையில் இருந்தது. சோதனைக்கு முன் இதை எடுக்கக் கூடாது என்று சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார்கள். படித்தேன். படித்துவிட்டுத்தான் எடுத்தேன். மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனபோது வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடுத்த அப்பன் நான். எனக்கு ஒரு பரீட்சை என்றால் சும்மா போவேனா? நல்ல மார்க் வாங்க வேண்டும், டாக்டர் ஆச்சரியப்பட வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். வியாதியைக் கண்டுபிடிக்கப் போகிறோம், அதற்கு வியாதி தெரிய வேண்டும் என்ற சின்ன விஷயம் மண்டையில் ஏறவில்லை.

சோதனை அறைப் பெண் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டாள். “காலைல பஃப் எடுத்தீங்களா தாத்தா?”

‘தாத்தா’வில் மனம் நொந்ததில் பொய் சொல்லக்கூட மறந்துவிட்டது. “லேசா ஒண்ணும்மா” என்றேன்.

“லேசான்னு எல்லாம் கெடையாது தாத்தா. நாளைக்கு வாங்க.”

மருந்து இல்லாமல் ஒரு தடவை ஊத வேண்டும். பிறகு அவர்களே மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. மருந்து போனதும் மூச்சுக்குழாய் நன்றாகத் திறந்துகொண்டால் ஆஸ்துமா பக்கம் யோசிப்பார்கள். அப்படியும் திறக்காமல் முரண்டு பிடித்தால் வேறு பக்கம். நான் வீட்டிலேயே திறந்துகொண்டு வந்துவிட்டேன். பஸ் காசு தண்டம்.

உங்களுக்கும் இந்தச் சோதனை எழுதிக் கொடுத்திருந்தால் பஸ் காசை மிச்சப்படுத்தச் சொல்கிறேன். உடனே வேலை செய்கிற இன்ஹேலரை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நாள் முழுக்க வேலை செய்கிற ரகமாக இருந்தால் அரை நாள், ஒரு நாள், சிலவற்றுக்கு அதற்கும் மேல். எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்திவிட்டு நடுராத்திரி இளைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே புகை, ஓட்டம் இரண்டும் வேண்டாம். இடுப்பையும் நெஞ்சையும் இறுக்கும் உடை வேண்டாம். வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போகவும் வேண்டாம்.

கடைசியாகச் சொன்னது மறுநாள் கற்றது. இன்ஹேலரைத் தொடாமல் வந்துவிட்டேன் என்ற பெருமையில், அந்த ஒழுக்கத்துக்குப் பரிசாக எனக்கு நானே காஞ்சிபுரம் இட்லி வாங்கிக் கொடுத்தேன். மந்தாரை இலை வாசம், மிளகு, சீரகம், சுக்கு, நெய். ஒரு துண்டு தின்றால் நடக்கலாம், இரண்டு தின்றால் உட்காரலாம். நான் சோதனை அறைக்குப் போனபோது உட்காரும் நிலையையும் தாண்டியிருந்தேன். நிறைந்த வயிறு உதரவிதானத்தைக் கீழே இறங்க விடாது, அது இறங்காமல் நெஞ்சு முழுக்கக் காற்று நிறையாது. இந்த உடற்கூறியலை என் வயிறு எனக்கு நேரிலேயே விளக்கியது. பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்தினேன். அந்தப் பெண் பார்க்காத மாதிரி இருந்தாள்.

“உயரம்?”

“அஞ்சடி எட்டு.”

அவள் எழுதவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அளவுகோலடியில் நிற்கச் சொன்னாள். “நூத்தி அறுபத்தெட்டு” என்றாள். கல்யாணத்துக்கு முன்பு பெண்வீட்டாருக்குச் சொன்ன உயரத்தில் நாலே முக்கால் சென்டிமீட்டர் குறைந்தது. கழிவு போயிருக்கும் என்று சொல்ல வாய் வந்தது.

இந்தப் பொய் எனக்கே வினையாகியிருக்கும். ஊதி முடித்ததும் மெஷின் நம் அளவை மட்டும் சொல்லாது. இந்த வயதில், இந்த உயரத்தில், ஆணாகவோ பெண்ணாகவோ உள்ள ஆரோக்கியமான ஒருவர் எவ்வளவு ஊதுவார் என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். அதில் நாம் நூற்றுக்கு எவ்வளவு என்றும் சொல்லும். உயரத்தைக் கூட்டிச் சொன்னால் எதிர்பார்ப்பு கூடும், மார்க் குறையும். வயதைக் குறைத்துச் சொன்னாலும் அப்படித்தான். எனக்கு ஆதாரில் உள்ள பிறந்தநாள் என்னைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி. நிஜத்தில் அதைவிட ஒரு வயது மூத்தவன். ஒரு வருஷச் சம்பளத்தை எனக்குக் கூடுதலாக வாங்கிக் கொடுத்த அந்தத் தேதி இங்கே காலை வாரியது. புகை தொடாதவருக்கே முப்பதை ஒட்டிய வயதிலிருந்து, முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்று ஆண்டுக்கு ஏறக்குறைய 30 மில்லி வீதம் குறையும். மெஷின் கணக்கில் நான் ஒரு வருஷத்துத் தேய்மானத்தைக் கழித்துக்கொள்ளாத இளைஞன்.

உயரத்துக்கும் மூச்சுக்கும் உள்ள இந்த உறவைப் பிடித்தவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்துவைத்த பாத்திரத்துக்குள் ஆளை ஊதவைத்து, பாத்திரம் எவ்வளவு மேலே எழும்புகிறது என்று அளந்தார். மாலுமி, போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், அச்சுக் கோப்பவர், பரம ஏழை, கனவான் என்று இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதவைத்து 1846இல் கட்டுரை வெளியிட்டார். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு இது பயன்படும் என்பது அவர் எண்ணம். ஆள் எத்தனை வருஷம் இருப்பான் என்று தெரிந்துகொண்டு பிரீமியம் போடலாம் அல்லவா? மனிதர் கடைசியில் ஆஸ்திரேலியா போய், அங்கிருந்து பிஜித் தீவுக்குப் போய், 1861இல் அங்கேயே இறந்தார்.

வீட்டில் போனில் இதையெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். “ஏம்மா, ஒப்பிடுற கணக்கு வெள்ளைக்காரன் கணக்கா, நம்ம ஊர்க் கணக்கா?” என்று ஆரம்பித்தேன். சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி.கே. விஜயனும் சகாக்களும் சென்னைவாசிகளை, அதுவும் புகை பிடிக்காத 15 முதல் 40 வயதுக்காரர்களை, ஊதவைத்து அளந்து, 1990இல் ‘தோராக்ஸ்’ இதழில் எழுதியிருக்கிறார்கள். நமக்கென்று ஒரு அளவுகோல் வேண்டும் என்று அப்போது நினைத்தார்கள். இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. ஆளின் இனத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே சமன்பாடு போதும் என்று 2023இல் அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி சொல்லிவிட்டது. இதில் எது சரி என்று நான் அந்தப் பெண்ணுக்கு விளக்கப் போனேன்.

“மொதல்ல ஊதுங்க தாத்தா” என்றாள்.

நியாயம்தான். ஆனால் ஊதுவதற்கு முன் இன்னும் தடங்கல் இருந்தது. அன்று சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தேன். மூக்கு வழியாகக் காற்று ஓடிப்போகாமல் இருக்க மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். என் மூக்கில் அது நிற்கவில்லை. மாட்டுவாள், நழுவும். துடைப்பாள், மறுபடி நழுவும். அடுத்து பல்செட். ஊதுகிற வேகத்தில் மெஷினுக்குள் போய்விடுமோ என்ற பயத்தில் யாரையும் கேட்காமல் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பல் இல்லாத பக்கம் கன்னம் உள்ளே போய், உதடு குழாயைச் சரியாகக் கவ்வாமல் ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கசிந்தது. இறுக்கமாகப் பொருந்துகிற பல்செட்டைக் கழற்ற வேண்டியதில்லையாம். ஆடுகிற பல்செட்டைத்தான் கழற்ற வேண்டும். “எங்க வச்சிருக்கீங்க, எடுத்து மாட்டுங்க” என்றாள். சட்டைப் பையிலிருந்து எடுத்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்று மாட்டிக்கொண்டேன். அறையில் இருந்த எல்லோரும் அன்பாக ஜன்னலைப் பார்த்தார்கள்.

ஒன்றை மட்டும் நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டது தப்பு. அண்மையில் மாரடைப்பு வந்ததா, கண்ணிலோ நெஞ்சிலோ வயிற்றிலோ ஆபரேஷன் நடந்ததா, சளியில் ரத்தம் வந்ததா என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கேள்வி முடிவதற்குள் “அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று வரிசையாகச் சொல்லித் தள்ளினேன். அவை சும்மா கேட்கிற கேள்விகள் இல்லை. முழு பலத்தோடு ஊதும்போது நெஞ்சிலும் வயிற்றிலும் கண்ணிலும் தலையிலும் அழுத்தம் ஏறும். ஆறாத தையல் இருந்தால் தள்ளிப்போட வேண்டும்.

இனி ஊதின கதை.

செய்ய வேண்டியது சுலபம். நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, நெஞ்சு கொண்ட மட்டும் இழுத்து, குழாயை உதட்டால் கவ்வி, ஒரே மூச்சில் படாரென்று வெளியே அடித்து, அப்புறம் காற்றே இல்லை என்று தோன்றிய பிறகும் விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது ஆறு நொடி. ஆறு நொடி என்றதும் சிரித்தேன். இங்கேயே, இதைப் படிக்கிற இடத்திலேயே, ஊதிப் பாருங்கள்.

நான் முதலில் ஊதியது மரியாதையான ஊதல். முகம் கோணாமல், சத்தம் வராமல், பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சல் இல்லாமல். சங்கத்தில் அப்படித்தான் வாழ்ந்தேன். குரலை உயர்த்தியதில்லை, கையிருப்பை முழுசாகக் காட்டியதில்லை. எதிலும் கொஞ்சம் பிடித்துவைப்பேன். மெஷினுக்கு இது புரியவில்லை. முதல் நொடியில் எவ்வளவு வந்தது என்பதுதான் அதற்கு வேண்டும். 1947இல் பிரான்ஸில் டிஃபனோ என்பவர் பிடித்த விஷயம் இது. உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எந்தப் பங்கு முதல் நொடியிலேயே வெளியே வந்துவிடுகிறது என்பது இன்னொரு கணக்கு. ஆரோக்கியமானவருக்கு முக்கால் பங்கு போல அந்த ஒரு நொடியில் கொட்டிவிடும். பாதை சுருங்கியிருந்தால் காற்று உள்ளே இருந்தும் மெதுவாகத்தான் கசியும். வேண்டுமென்றே மெதுவாக விடுகிறவனையும் பாதை அடைத்தவனையும் முதல் பார்வையில் ஒரே மாதிரிதான் காட்டும். அதனால்தான் பக்கத்தில் ஒரு ஆள் நின்று கத்துகிறார்.

அவள் கத்தினாள். “இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க! இப்ப ஊதுங்க! வேகமா! விடாதீங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்…” கை தட்டினாள். எழுந்து நின்றாள். வேகத்தில் ‘ங்க’ உதிர்ந்து “ஊது! ஊது! ஊது!” ஆயிற்று. நான் ஊதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

“சாரி தாத்தா. வேகத்துல வந்துடுச்சு.”

“பரவாயில்லம்மா” என்றேன். ஆனால் அந்த ஊதல் பாழ்.

அப்புறம் பாழானதெல்லாம் என் சொந்த முயற்சி. ஒரு தடவை கன்னத்தை உப்பவைத்து ஊதினேன். நெஞ்சுக் காற்று கன்னத்திலேயே நின்றது. ஒரு தடவை நாக்கு குழாயை அடைத்துக்கொண்டது. ஒரு தடவை முதல் நொடியிலேயே இருமல். இருமினால் அந்த ஊதல் செல்லாது. ஒரு தடவை ஊதிக்கொண்டே நடுவில் ஒரு மூச்சைத் திருட்டுத்தனமாக உள்ளே இழுத்துவிட்டு மறுபடி ஊதினேன். திரையில் கோடு அதைப் போட்டுக் கொடுத்தது. ஒரு தடவை தலை சுற்றி, கண்ணில் பூச்சி பறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அது சகஜம், கொஞ்சம் உட்கார்ந்தால் போய்விடும் என்றாள். குறைந்தது மூன்று நல்ல ஊதல் வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. எட்டுத் தடவைக்கு மேல் போனால் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள், ஆள் களைத்துப்போவான். என் ஊதல்களோ ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளாக இருந்தன.

கடைசியில் அவள் பெருமூச்சு விட்டு (என்ன அருமையான மூச்சு, எனக்கு வந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்) திரையில் ஏதோ மாற்றினாள். பிறந்தநாள் மெழுகுவத்திகள் வரிசையாக வந்து நின்றன. “இது சின்னப் பசங்களுக்கு வைக்கிறது. எல்லாத்தையும் அணைச்சிடுங்க பாக்கலாம்.” கணக்குப் பிள்ளைக்கு ரோஷம் வந்தது. நெஞ்சைக் காலி செய்து ஊதினேன். மூன்று அணைந்தன. மற்றவை ஆடிவிட்டு நின்றன. ஆனாலும் கோடு சரியாக விழுந்துவிட்டது. அப்படியே இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு விட்டாள்.

என் தரப்பில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எவ்வளவு முக்கி ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று நுரையீரலிலேயே தங்கிவிடும். அதை யாராலும் ஊதி வெளியேற்ற முடியாது, இந்தக் குழாயால் அளக்கவும் முடியாது. அதை அளக்க வேறு சோதனைகள் உண்டு. தொலைபேசிக் கூண்டு மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைப்பது அதில் ஒன்று. பிடித்துவைக்கிறவன் நான் மட்டும் இல்லை.

ஊதி முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் கூடு வழியாக நாலு பஃப் மருந்து கொடுத்து வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள். கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. முடிந்தது கதை என்று நினைத்து மகனுக்குப் போன் போட நம்பரைத் தேடினேன். மருந்தின் குணம் அது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நாதஸ்வர வித்வான். கோயில் புறப்பாடுகளில் நாள் கணக்காக வாசித்தவர். அவரும் உள்ளே பலமுறை திட்டு வாங்கிவிட்டு வந்திருந்தார். வித்வான் கன்னத்தில் காற்றை வைத்துக்கொண்டு, மூக்கால் இழுத்தபடியே ஊதுவதற்குப் பழகியவர். ஒரு மூச்சை எட்டு ஆவர்த்தனத்துக்குப் பங்கிடத் தெரிந்தவர். மெஷினோ மூக்கை மூடி, கன்னத்தை ஒடுக்கி, எல்லாவற்றையும் ஒரே அடியில் கொட்டச் சொல்கிறது. “கொட்றதுக்கா அம்பது வருஷம் சாதகம் பண்ணேன்?” என்றார். பிறகு, “நம்ம ஏகாம்பரநாதர் மண்ணுங்க. காத்து லிங்கம் காளஹஸ்தி. இங்க உக்காந்து ஊதினா எப்படி வரும்?” என்றார். இந்த எல்லைப் பிரச்சினை எனக்குத் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

இந்தப் பக்கம் கல் உடைக்கும் கிரஷரில் வேலை செய்கிற ஒரு இளைஞர். வாலாஜாபாத் சாலையில் எம்-சாண்ட் லாரி போன பிறகு இரண்டு நிமிஷம் கண்ணைத் திறக்க மாட்டோம் நாங்கள். அவர் அந்தத் தூசியின் பிறப்பிடத்தில் நிற்பவர். “கம்மியா வந்தா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களாண்ணே?” என்று கேட்டார். ‘அண்ணே’யில் மனம் குளிர்ந்து, என்னிடம் இருந்த அபார அனுபவத்திலிருந்து ஆலோசனை சொல்லத் தொடங்கினேன். நீல இன்ஹேலரை எடுத்து, “வேணும்னா உள்ள போறதுக்கு முன்னாடி இதுல ஒண்ணு…” என்று நீட்டியும்விட்டேன். அவர் அதன் வாயையும் என் வாயையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். கல்தூசி நுரையீரலைத் தழும்பாக்கிச் சுருக்குகிற நோய் சிலிக்கோசிஸ். அதில் மொத்தக் காற்றே குறையும், முதல் நொடிக் கணக்கும் கூடவே குறையும், இரண்டின் விகிதம் மட்டும் சரியாகத் தெரியலாம். அதைத் திறக்கிற பஃப் எதுவும் கிடையாது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அவருக்கு அன்று நான் சொன்னது, “ராத்திரி நல்லா தூங்கிட்டு வந்தீங்களா?”

மறுபடி உள்ளே போய் ஊதினேன். ரிப்போர்ட் வந்தது. மேலே ஏறி இறங்கும் ஒரு கோடு. இறங்குகிற பக்கம் நேராக இருக்க வேண்டும். எனக்கு ஈரத் துணி போட்ட கொடிக்கயிறாகத் தொய்ந்திருந்தது. கீழே எண்கள். முதல் நொடிக் காற்று, எதிர்பார்த்ததில் நூற்றுக்கு 63. நான் மனைவிக்குப் போன் போட்டு, “அறுபத்து மூணு. ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றேன். நம்மூர்க் கணக்குக்கு 60க்கு மேல் முதல் வகுப்புதானே. “பாஸா, அப்ப சரி. வரும்போது தேங்காய் வாங்கிட்டு வாங்க” என்றாள்.

டாக்டர் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் என் மகனோடு பள்ளியில் படித்தவர். மருந்துக்குப் பிறகும் முதல் நொடிப் பங்கு நூற்றுக்கு 70க்குக் கீழேயே நின்றால் பாதை நிரந்தரமாகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள், சி.ஓ.பி.டி. என்பார்கள், அப்போது முதல் நொடிக் காற்று எதிர்பார்த்ததில் நூற்றுக்கு 50க்கும் 80க்கும் நடுவே வந்தால் நடுத்தரம் என்றார். பிறகு ரிப்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அங்கிள், சிகரெட்டே பிடிச்சதில்லன்னு சொன்னீங்க?”

சொல்லியிருந்தேன். முதல் நாளே கேட்டார், “சேச்சே” என்றேன். மகனுக்கு நண்பன், மகனிடம் சொல்வான், மகன் அவன் அம்மாவிடம் சொல்வான். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தபோது, ‘சட்டமே வந்துடுச்சு, விட்டுட்டேன்’ என்று வீட்டில் அறிவித்து, அன்று ஒரு பாயசம் வாங்கிச் சாப்பிட்டவன் நான். ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தை மட்டும்தான் விட்டேன். டீக்கடைப் பின்பக்கத்தை விடவில்லை. இப்போது எப்படி மாற்றிச் சொல்வது?

“இல்லப்பா” என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. பொய்க்கு முட்டுக்கொடுக்க ஆதாரம் திரட்டினேன். லாரித் தூசி என்றேன். சங்கத்தில் பட்டுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன், இலங்கையில் ஊரகொட என்ற நெஞ்சு மருத்துவர் பட்டுத் தொழிலாளிகளுக்கு வருகிற ஆஸ்துமா பற்றி 1991இல் எழுதியிருக்கிறார் என்றேன். அவர் எழுதியது பட்டுக்கூட்டோடு புழங்குகிறவர்கள் பற்றி. நான் புழங்கியது ரிஜிஸ்டரோடு. இலவம்பஞ்சு, கறுவாப்பட்டைத் தூசி பற்றியும் எழுதியவர் அவர். என் பொய்க்குச் சாட்சி சொல்ல வருவார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். பஞ்சாலைக்காரர்களுக்கு ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகுமாமே, பைசினோசிஸ், அது மாதிரி எனக்கும் திங்கட்கிழமையென்றாலே நெஞ்சு இறுகும் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. கடைசியாக, ரொம்ப வருஷம் வீட்டில் விறகடுப்புதான், புகை மண்டிக் கிடக்கும் என்றேன்.

அதில் பிடித்துக்கொண்டார். விறகுப் புகையால் இந்த வியாதி வருவது நம் நாட்டில் நிறைய உண்டு, புகையே பிடிக்காத பெண்களுக்கு வருவது பெரும்பாலும் அதனால்தான் என்றார். “ஆனா அடுப்புகிட்ட நின்னது ஆன்ட்டிதானே? அவங்களையும் பாத்துடலாம். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க.”

அவள் வந்தாள். அவளுக்குச் சோதனை பற்றி நான் வீட்டில் நீண்ட பயிற்சி வகுப்பு நடத்தினேன். பஃப், பல், எண்ணெய், இட்லி எல்லாவற்றையும் எச்சரித்தேன். காது கொடுத்தாளா என்று தெரியவில்லை. உள்ளே போனாள், கிளிப்பை மாட்டிக்கொண்டாள், இழுத்தாள், ஊதினாள். ஆறு நொடி தாண்டியும் ஊதினாள். அந்தப் பெண் கத்த வாய் திறந்து, கத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டாள். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. “தாத்தா, இப்படித்தான் ஊதணும். பாத்துக்குங்க” என்றாள் என்னிடம். நாற்பது வருஷமாக ஊதாங்குழல் பிடித்த கை என்று மனைவி சொன்னாள். ஊதாங்குழலுக்கு வாய்தான் வேண்டும் என்று திருத்த நினைத்து விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொண்டுபோனோம். அடுப்பையும் மீறி அவளுக்கு எல்லாம் அளவுக்குள்தான் இருந்தது. கொஞ்சம் கம்மி, வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, லேசாக எரிச்சலாகவும் இருந்தது. அப்புறம் அவர் அவளுடைய சீட்டை எடுத்து, எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளை வரிசையாகக் கேட்டு டிக் அடித்துக்கொண்டு வந்தார். சர்க்கரை, பிரஷர், அலர்ஜி.

“வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா ஆன்ட்டி?”

“இவருதான்” என்றாள். “சாயங்காலம் காய்கறி வாங்கறேன்னு ஸ்டேஷன் பக்கம் போவாரு. வரும்போது ஏலக்காய் மென்னுக்கிட்டு வருவாரு. காய்கறிப் பையெல்லாம் வாசனை.”

நான் மேஜை மேலிருந்த நுரையீரல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அவளுடைய சீட்டை வைத்துவிட்டு என் ஃபைலை இழுத்தார். பக்கத்தைத் திருப்பி, ‘இல்லை’ என்று எழுதியிருந்த இடத்தை அடித்தார்.

“எத்தனை வருஷமா?” என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார்.